எடையைச் சொல்லிக் கேலி செய்யப்படும் பிள்ளை: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடசாலையில் "குண்டு", "தடிச்சி" என்று கூப்பிடுகிறார்கள் எனப் பிள்ளை அழுதுகொண்டு வந்து சொல்லும்போது, "கொஞ்சம் மெலிஞ்சா ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க" என்று பெற்றோர் அன்பினால் சொல்லும் ஆறுதலையே தவறுகளில் முதலாவதாக வைப்பேன். கேலி செய்தவர்கள் சொன்னது சரிதான் என்றும், மெலியும்வரை அவமானத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் பிள்ளை அதிலிருந்து விளங்கிக்கொள்கிறது. "உன்னில பிழை இல்லை, அப்படிக் கூப்பிட்டதுதான் பிழை" என்பதையே அது முதலில் கேட்க வேண்டும்.

வீட்டுக்குள் நடப்பது இன்னும் ஆழமாகப் பதியும். திருகோணமலையில் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், சுகம் விசாரிக்கும் முன்பே "என்ன பிள்ளை, நல்லா உடம்பு வச்சிட்டாய்" என்று சொல்லும் மாமியோ பெரியம்மாவோ இருப்பார். அப்போது தாயும் சேர்ந்து சிரித்தால், தனக்காகப் பேச ஒருவருமில்லை என்று பிள்ளை முடிவு செய்துவிடும். "மாமி, அவளின்ர உடம்பைப் பற்றிக் கதைக்க வேண்டாம்" என்று பிள்ளையின் முன்னாலேயே மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

தம்பிக்குப் பொரித்த மீனும் அக்காவுக்கு வெறும் சொதியும் பரிமாறுவது அடுத்த தவறு. உணவை மாற்றுவதானால் முழு வீட்டுக்கும் மாற்றுங்கள். பெரியவர்களுக்கான எடை அளவுகளைப் பிள்ளைகளுக்குப் பொருத்தவும் கூடாது. 5 முதல் 19 வயது வரையானவர்களுக்கு, வயதையும் பாலினத்தையும் கணக்கில் எடுக்கும் வளர்ச்சி வரைபடங்களை உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்டது. பருவமடையும் காலத்தை ஒட்டி எடை கூடுவதும் வளர்ச்சியின் பகுதியே. எனவே, கவலைப்பட இடமுண்டா என்பதை வைத்தியரே பார்த்துச் சொல்லட்டும்.

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும்போது, கேலிக்குப் பயந்து பிள்ளையைக் கடிதம் கொடுத்து நிறுத்திவிடுவதும், உப்புவெளிக் கடலில் மற்றப் பிள்ளைகள் குளிக்க அதை மட்டும் மணலில் இருத்தி வைப்பதும் பாதுகாப்பு ஆகா. ஓடவும் நீந்தவும் பாரம் தூக்கவும் தன்னால் முடிகிறது என்று அறியும் பிள்ளைக்குத்தான் தன் உடலோடு நட்பு உண்டாகும்.

"விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாங்க" என்று விட்டுவிடவும் வேண்டாம், கேலி செய்த பிள்ளையின் வீட்டு வாசலில் போய்ச் சண்டை பிடிக்கவும் வேண்டாம். யார், எப்போது, என்ன சொன்னார் என்று திகதியிட்டு எழுதி வகுப்பாசிரியரிடமும், பலனில்லையெனில் அதிபரிடமும் கொடுங்கள். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்தை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; பிள்ளை தானாகவும் அழைக்கலாம் என்பதை அதற்குச் சொல்லி வையுங்கள்.