ஞாயிறு ரைடு வேறு, ஆபீஸ் ரைடு வேறு

ஞாயிறு விடியற்காலை பெங்களூரு அல்சூரிலிருந்து நந்தி மலைக்குச் சைக்கிள் மிதித்துப் போய்த் திரும்பினால் 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அதைச் சுலபமாகச் செய்கிறவர்களே திங்கட்கிழமை ஒயிட்ஃபீல்டு ஆபீஸுக்குச் சைக்கிளில் கிளம்பி, இரண்டு வாரத்தில் கைவிடுவதைப் பார்க்கிறேன். காலில் பலம் இருக்கிறது. வழக்கம்தான் மாறவில்லை.

முதல் தவறு, பயந்துபோய்ச் சாலையின் இடது ஓரத்தை ஒட்டியே ஓட்டுவது. பழைய மெட்ராஸ் ரோட்டின் ஓரத்தில் சாக்கடை மூடி, கண்ணாடிச் சில்லு, தேங்கிய தண்ணீர், எதிரே ராங் சைடில் வரும் ஸ்கூட்டர் எல்லாம் இருக்கும். நாம் ஒதுங்க ஒதுங்க, பின்னால் வரும் வண்டிக்காரர் இடம் இருப்பதாக நினைத்து உரசிக்கொண்டே முந்துவார். ஓரத்திலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, நேராகப் போங்கள். நிறுத்திய கார்களைத் தாண்டும்போது கதவு திறக்கும் அகலம் விட்டுப் போங்கள். இரண்டு கார்களுக்கு நடுவில் இடைவெளி தெரிந்ததும் உள்ளே ஒதுங்கி மறுபடி வெளியே வந்தால், பின்னால் வருபவருக்கு நீங்கள் திடீரென்று முளைத்த மாதிரி இருக்கும். ஹார்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும். உங்களைப் பார்த்துவிட்டுத்தான் அடிக்கிறார்கள்.

அடுத்து பஸ். நிறுத்தத்தை நெருங்கும் பிஎம்டிசி மாநகர பஸ்ஸின் இடப்பக்கம் நுழையவே நுழையாதீர்கள். அது ஓரம் கட்டும், ஆட்கள் இறங்குவார்கள், டிரைவர் கண்ணுக்கு நீங்கள் படாமலே போகலாம். பின்னால் நின்றால் அரை நிமிடம்தான் போகும். ஆனால் பஸ்ஸை ஒட்டியும் ஓட்டாதீர்கள். குழுவாகப் போகும்போது முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கை காட்டுவார். அந்த தைரியத்தில் சக்கரத்தோடு சக்கரமாகப் போய்ப் பழகியிருப்போம். பஸ் கை காட்டாது. அதன் அடியிலிருந்து பள்ளம் தெரியும்போது பிரேக் பிடிக்க நேரமிருக்காது. மழையில் ரிம் பிரேக் (சக்கர வளையத்தைக் கட்டையால் அழுத்திப் பிடிக்கும் வகை) நனைந்திருந்தால் இன்னும் தாமதமாகப் பிடிக்கும்.

ஒல்லி டயர் வேண்டாம், 32 மி.மீ. அகலம் போடுங்கள். முதுகுப் பையைக் கேரியருக்கு மாற்றுங்கள், பாதி வியர்வை குறையும். பின்பக்கச் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும். இயர்போன் கூடவே கூடாது.

கடைசியாக ஒன்று. புது வழியை ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்துவிட்டு ‘நாற்பது நிமிடம்தான்’ என்று கணக்குப் போடாதீர்கள். காலை ஒன்பது மணிக்கு டின் ஃபேக்டரி சந்திப்புப் பக்கம் அந்தக் கணக்கு நிற்காது. தாமதமாகிறதே என்ற பதற்றத்தில்தான் வண்டிகளுக்கு நடுவே சந்து கண்ட இடத்திலெல்லாம் நுழையத் தோன்றும். வேலை நாளில், வேலை நேரத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இந்திராநகர், சி.வி.ராமன் நகர், கக்கதாசபுரா என்று உள்தெருக்கள் வழியாகவும் ஒரு நாள் போய்ப் பாருங்கள். ரயில்வே கேட்டில் நிற்க வேண்டி வரலாம். ஆனாலும் நான் தினமும் போவது அந்த வழியில்தான்.