பழைய ஸ்டீரியோவில் ப்ளூடூத் ரிசீவர்: பாட்டைக் கெடுக்கும் தவறுகள்

வீட்டில் ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஜோடி ஸ்பீக்கரும் சும்மா கிடந்தால், அதைப் பழைய இரும்புக்குப் போட மனசு வராது. போடவும் வேண்டாம். ஒரு சின்ன ப்ளூடூத் ரிசீவரைப் பின்னால் செருகினால் போதும், போனில் இருக்கும் பாட்டெல்லாம் அதில் ஒலிக்கும். ஆனால் பலர் ஆசையாக வாங்கி மாட்டிவிட்டு, "ப்ளூடூத் என்றால் சத்தம் இப்படித்தான் இருக்கும்" என்று ஒரே வாரத்தில் கழற்றி வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை ப்ளூடூத்தில் இல்லை, மாட்டிய விதத்தில்தான் இருக்கிறது.

கடையில் நடக்கும் தவறு ஒன்று உண்டு: ரிசீவருக்குப் பதில் டிரான்ஸ்மிட்டரை வாங்கி வருவது. அது டிவி ஒலியை ஹெட்போனுக்கு அனுப்புகிற பெட்டி, நமக்கு உதவாது. இரண்டு வேலையும் செய்யும் பெட்டி என்றால், அதன் சுவிட்ச் ரிசீவர் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பெரிய தவறு ஆம்ப்ளிஃபயரின் முதுகில் நடக்கிறது. அங்கே வரிசையாக இருக்கும் சிவப்பு, வெள்ளைத் துளைகளில் காலியாக இருக்கும் ஜோடி ஃபோனோ என்று எழுதப்பட்டதாக இருக்கும். போனிலிருந்து வரும் பாட்டுக்குத்தான் ஃபோனோ என்று நினைத்து அதில் செருகிவிடுகிறார்கள். அது இசைத்தட்டு சுழற்றும் டர்ன்டேபிளுக்கு உரியது. டர்ன்டேபிள் ஊசியிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட் மட்டுமே. ப்ளூடூத் ரிசீவரிலிருந்து வருவதோ 1 முதல் 2 வோல்ட் வரை, அதாவது சில நூறு மடங்கு. போதாததற்கு, இசைத்தட்டில் பதியும்போது பேஸை, அதாவது கனத்த அடி ஒலியை, குறைத்து, கீச்சொலிகளைத் தூக்கிப் பதிவார்கள். ஃபோனோ பகுதி அதைத் திருப்பிச் சரிசெய்யும். அந்த வழியில் சாதாரணப் பாட்டை அனுப்பினால் பேஸ் கும்மென்று வீங்கி, குரல் கரகரத்து உடையும். ரிசீவரே மட்டம் என்று அப்போது தோன்றுவது இயல்புதான். ஆக்ஸ், சிடி, ட்யூனர், டேப் இன் ஆகிய எதில் வேண்டுமானாலும் செருகலாம். பெயர்தான் வேறு, உள்ளே வேலை ஒன்றே. டேப் அவுட் அல்லது ரெக் என்று இருப்பதில் மட்டும் வேண்டாம். அது ஒலி வெளியே போகும் வழி, அதில் மாட்டினால் ஒன்றுமே கேட்காது.

அடுத்தது வால்யூம். போனில் பாதி வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரில் முழுக்கத் திருகுபவர்கள் அதிகம். அப்போது பாட்டோடு சேர்ந்து ரிசீவரின் இரைச்சலும் பெரிதாகிறது. போனை முழு அளவிலோ, ஒன்றிரண்டு படி குறைத்தோ வையுங்கள். சத்தத்தை ஆம்ப்ளிஃபயரின் திருகில் கூட்டிக் குறையுங்கள். போனை இணைக்கும் முன் அந்தத் திருகு கீழே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு வாட்ஸ்அப் மணி வீட்டையே அதிரவைக்கும். நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்பது இன்னும் நல்லது.

"உம்ம்" என்ற ஒலி விடாமல் கேட்கிறதா? ரிசீவரைப் பழிக்கும் முன் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். பேட்டரி உள்ள ரிசீவர் என்றால் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். உம்மல் போய்விட்டால் கோளாறு கரண்ட் வரும் வழியில்தான். வேறொரு நல்ல சார்ஜரை மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் அடங்கவில்லை என்றால் ரிசீவருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில், இந்த உம்மலைத் தடுக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்னப் பெட்டியை மாட்டலாம். ஆனால் மலிவான ஐசொலேட்டர் பேஸைக் கொஞ்சம் தின்றுவிடும். அதனால்தான் சார்ஜரை முதலில் சொன்னேன்.

பாட்டு விட்டு விட்டு வந்தால் ரிசீவர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டிக்குப் பின்னால், வைஃபை ரவுட்டரை ஒட்டி வைத்தால் இப்படித்தான் ஆகும். வைஃபையில் ஒரு பகுதியும் மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத் ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் இருக்கின்றன. அட்டையில் போட்டிருக்கும் 10 மீட்டர் திறந்த வெளிக்கான கணக்கு, சுவருக்கு அல்ல. அந்தச் சிவப்பு, வெள்ளைத் துளைகளில் செருகும் ஆர்சிஏ ஒயரைக் கொஞ்சம் நீளமாக வாங்கி ரிசீவரைக் கண்ணில் படும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பப் பல முறைகள் உண்டு. அவற்றில் எல்டாக், ஆப்ட்எக்ஸ் என்ற பெயர்களுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் முன் உங்கள் போனைப் பாருங்கள். ஐபோன் ப்ளூடூத்தில் எஸ்பிசி, ஏஏசி என்ற இரண்டு முறைகளில் மட்டுமே அனுப்பும்; அதற்கு எல்டாக் ரிசீவர் வாங்குவது வீண் செலவு. ஆண்ட்ராய்டில் 8.0 பதிப்பிலிருந்து எல்டாக்குக்கு இடம் உண்டு, நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும். ஆனால் பாட்டுச் செயலியில் டேட்டா மிச்சம் பிடிக்கும் தரத்தை வைத்திருந்தால் எந்த எல்டாக்கும் அதைத் தூக்கி நிறுத்தாது. முதலில் அதை உயர்ந்த தரத்துக்கு மாற்றுங்கள். அதற்குக் காசு வேண்டாம், டேட்டாதான் கொஞ்சம் கூடச் செலவாகும்.

அப்புறம், இதே இணைப்பில் டிவியில் படம் பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். ப்ளூடூத்தில் ஒலி கொஞ்சம் பிந்தித்தான் வரும். போனில் ஓடும் பல வீடியோ செயலிகள் அதைக் கணக்கில் எடுத்துச் சரிக்கட்டிவிடும், விளையாட்டுகளில் அது நடக்காது. டிவிக்கு என்றால் ஆம்ப்ளிஃபயருக்கு நேராக ஒரு ஒயர் இழுத்துவிடுங்கள்.