பவளப்பாறை அலைக்கு முதல் பயணம்: திரும்பும் வழியிலிருந்து திட்டமிடுங்கள்

பவளப்பாறை மேல் உடையும் அலையில் சர்ஃபிங் (அலைச்சறுக்கு) செய்வதை வீடியோவில் பார்க்கும்போது கண் அலை மேல்தான் போகும். அடுத்த முறை அலைக்குப் பக்கத்தில், நுரையே இல்லாமல் கருநீலமாகக் கிடக்கும் தண்ணீரைப் பாருங்கள். அதைத்தான் சேனல் என்பார்கள். பாறையில் விழுந்து சிதறும் தண்ணீர் அந்த ஆழமான வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. நீங்கள் உள்ளே போவதும் வெளியே வருவதும் பெரும்பாலும் அதே வழியில்தான். இந்தப் பயணத்தில் எல்லாவற்றையும் "எப்படித் திரும்புவேன்?" என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

படி 1: தயாரா என்று பாருங்கள்

மணல் தரையில் உடையும் அலையில் மூன்று விஷயங்கள் கைவந்திருக்க வேண்டும். இன்னும் உடையாத அலையைப் பிடித்து எழுந்து, பக்கவாட்டில் ஓட்டத் தெரிய வேண்டும். எதிரே வரும் நுரையைப் போர்டோடு கடக்கத் தெரிய வேண்டும். லீஷ் (காலையும் போர்டையும் இணைக்கும் கயிறு) அறுந்து போர்டு போய்விட்டால் பதறாமல் நீந்தித் திரும்பத் தெரிய வேண்டும். மூன்றாவதில் சந்தேகம் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

காரணம் இதுதான். மணல் கரை மெல்ல மெல்லத்தான் ஆழம் குறையும். பவளப்பாறையோ ஆழ்கடலிலிருந்து சட்டென்று எழும்புகிறது. அதனால் அலையும் சட்டென்று செங்குத்தாகி விழும். பொதுவாக ஓர் அலை தன் உயரத்தைப் போல சுமார் 1.3 மடங்கு ஆழத்தில் உடையும். அப்படியென்றால் ஒன்றரை மீட்டர் அலை உடையும் இடத்தில் ஆழம் இரண்டு மீட்டர்தான். ஆனால் ஒரு நல்லதும் உண்டு: மணல் மாதிரி பாறை நகராது. அலை ஏறக்குறைய ஒரே இடத்தில் உடையும் என்பதால் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

படி 2: இடமும் மாதமும்

இந்தோனேசியாவின் மெந்தாவாய் தீவுகள், மாலத்தீவு, பிஜி ஆகிய மூன்றுக்கும் பெரிய அலைகளை அனுப்புவது தென்கோளக் குளிர்காலப் புயல்கள். ஏறக்குறைய ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சீசன். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அலை மிகப் பெரிதாக வரலாம். முதல் தடவை போகிறவர்கள் சீசனின் தொடக்கத்தையோ முடிவையோ தேர்ந்தெடுங்கள். ஹவாயின் வடகரையில் இது தலைகீழ்; அங்கே நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் பெரிய அலை.

2024 ஒலிம்பிக்கின் சர்ஃபிங் போட்டி நடந்த தஹீத்தியின் தியாஹுபூ போன்ற இடங்களை இப்போதைக்குப் படகிலிருந்து பார்த்து ரசிக்கலாம். அகலமான சேனல் உள்ள, பக்கத்திலேயே இன்னொரு மென்மையான அலையும் உள்ள இடம் உங்களுக்குப் போதும். அங்கிருந்து மருத்துவமனைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.

படகிலேயே தங்குவதா, கரையில் தங்குவதா? முதல் பயணத்துக்குக் கரைதான் என் தேர்வு. ஒரே அலையைத் தினமும் பார்க்கலாம். கடல் கொந்தளித்துப் படகு நின்றுபோகும் என்பதால் திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாள் சும்மா விடுங்கள்.

படி 3: முன்னறிவிப்பைப் படிக்கும் விதம்

புதியவர்கள் அலையின் உயரத்தை மட்டும் பார்ப்பார்கள். இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நேரம், அதாவது பீரியட், அதே அளவு முக்கியம். உயரம் ஒன்றாகவே இருந்தாலும் 16 விநாடி ஸ்வெல் (தொலைதூரப் புயல் கிளப்பி அனுப்பும் அலைவரிசை) சுமந்து வரும் சக்தி 8 விநாடி ஸ்வெல்லைப் போல இரண்டு மடங்கு. 16 விநாடி ஸ்வெல் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 45 கி.மீ. வேகத்தில், நாளொன்றுக்கு ஆயிரம் கி.மீ.க்கு மேல் நகரும். எங்கோ அடித்த புயலின் அலை உங்களிடம் வரப் பல நாள் ஆகும். அதனால் முன்கூட்டியே தெரிந்துகொண்டு, பெரிய நாளில் கரையில் இருக்கலாம்.

காற்று விஷயம் எளிது: அதிகாலையில் நிலத்திலிருந்து கடலுக்கு மென்காற்று வீசும், அலை வழவழவென்று இருக்கும். ஓதத்தில், அதாவது கடல் நீர் ஏறி இறங்குவதில், கவனம் வேண்டும். நீர் வற்றும்போது பாறை மேலே வந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் அதிகமாக வற்றும். பாதி ஏறிய ஓதத்தில், நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது இறங்குங்கள்.

படி 4: பை

முடிந்தால் இரண்டு போர்டு, கூடுதல் லீஷ் இரண்டு, கூடுதல் ஃபின்கள் (போர்டின் அடியில் மாட்டும் துடுப்புகள்), ஃபின் சாவி, கால் வழுக்காமலிருக்கப் போர்டில் பூசும் வெப்ப நீருக்கான மெழுகு, உடைசல் ஒட்டும் ரெசின். குளிர்நீர் மெழுகு வெப்பமண்டலத்தில் உருகி வழுக்கும். பாறைக்கான ரப்பர் காலணி, ஹெல்மெட், முழுக்கை லைக்ரா சட்டை கட்டாயம். சன்ஸ்க்ரீன் துத்தநாக ஆக்சைடு வகையாக இருக்கட்டும். பவளத்தைக் காக்க, ஆக்சிபென்சோன் கலந்த சன்ஸ்க்ரீன் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது.

படி 5: உடம்பு

புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். டெட்டனஸ் ஊசி, மலேரியா மாத்திரை தேவையா என்று கேளுங்கள். காப்பீட்டில் சர்ஃபிங்கும், அவசரமாக மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கும் செலவும் அடங்குமா என்று வரி வரியாகப் படியுங்கள்.

என் முதல் பயணத்தில் பாதத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். சின்னதுதானே என்று விட்டேன். மூன்றாம் நாள் கால் வீங்கி, மிச்ச நாளெல்லாம் கரையில் உட்கார்ந்தேன். பவளக் கீறலில் நுண்ணிய துகள்கள் தங்கிவிடும். உடனே சுத்தமான நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, இடுக்கியால் துகள்களை எடுத்து, கிருமிநாசினி போட்டு மூடுங்கள். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காதீர்கள்.

படி 6: முதல் காலை

உடனே குதிக்காதீர்கள். சேனலில் நிற்கும் படகிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும். எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை என்று எண்ணுங்கள். எங்கே இறங்கி எங்கே ஏறுவது என்று படகோட்டியிடம் கேளுங்கள். அலை உடையத் தொடங்கும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை சொந்தம். குறுக்கே போகாதீர்கள்.

விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுங்கள். மேலே வரும்போது கைகளால் தலையை மூடிக்கொள்ளுங்கள். பாறை மேல் நிற்காதீர்கள். காலுக்கும் கேடு, பவளத்துக்கும் கேடு. அலைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் நேராகக் கரைக்குத் துழாவாமல், பக்கவாட்டில் சேனலை நோக்கிப் போங்கள்.

கிளம்பும் நேரத்தைத் தண்ணீரில் இறங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும். அப்புறம் ஓதம் இறங்கத் தொடங்குமுன், இன்னும் நாலு அலை பிடிக்கத் தெம்பு இருக்கும்போதே படகுக்குத் துழாவுங்கள்.