புயல் கரையில் சோலார்: பேனலுக்கு முன் பேட்டரியைக் கணக்குப் போடுங்கள்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களுக்குக் கரன்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. தென்னை விழுந்த நஷ்டம் ஒரு பக்கம். மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர் வாடகை, செல்போன் சார்ஜ் போடக் காசு என்று தினம் தினம் கை கடித்தது இன்னொரு பக்கம். கடலோர மாவட்டத்தில் சோலாரில் பணம் போடுகிறவர் மின்கட்டண மிச்சத்தோடு இந்த நாட்களையும் கணக்கில் வைக்க வேண்டும்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை விடுங்கள். ஈ.பி. லைனோடு இணைந்து பேட்டரி இல்லாமல் ஓடும் சாதாரண ஆன்கிரிட் சோலார், ஈ.பி. கரன்ட் போன நொடியே தானும் நின்றுவிடும். வெயில் சுள்ளென்று அடித்தாலும் வீட்டில் ஒரு பல்பு எரியாது. இது பழுது அல்ல. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாயாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. புயல் நாளிலும் ஓட வேண்டுமென்றால் பேனல், பேட்டரி, ஈ.பி. லைன் மூன்றோடும் வேலை செய்யும் ஹைப்ரிட் இன்வர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியம் பேனல் திறனைப் பார்த்துத் தரப்படுவது. பேட்டரிச் செலவு முழுக்க உங்களுடையது. அரசு தரும் இலவச யூனிட் போக மிகக் குறைவாகவே கட்டணம் கட்டும் வீடு என்றால் பெரிய பேனலில் போட்ட பணம் திரும்பப் பல வருடம் ஆகும். அப்படிப்பட்ட வீட்டுக்கு நல்ல பேட்டரியும் 1 கிலோவாட் பேனலும் போதும் என்பதே எங்கள் கருத்து.

பேட்டரி அளவை வீட்டின் பில்லை வைத்து முடிவு செய்யாதீர்கள். இருட்டில் எது இல்லாமல் முடியாதோ அதை மட்டும் எழுதுங்கள். 9 வாட் எல்.இ.டி. பல்பு நான்கு, 6 மணி நேரம்: 216 வாட்-மணி. குறைந்த கரன்ட்டில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு, 14 மணி நேரம்: 840. செல்போன்களுக்கு 50. மொத்தம் ஒரு நாளைக்குச் சுமார் 1.1 யூனிட் (1,000 வாட்-மணி ஒரு யூனிட்). இதே ஃபேன்கள் பழைய 75 வாட் வகையாக இருந்தால் அவை மட்டுமே 2.1 யூனிட் குடிக்கும். பேட்டரி வாங்கும் முன் ஃபேனை மாற்றுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

புயல் நாளிலும் மறுநாளும் வானம் மூடியே இருக்கும். நல்ல வெயிலில் தினம் 4 யூனிட் தரும் 1 கிலோவாட் பேனல் அன்று 1 யூனிட்டைத் தொட்டாலே அதிகம். ஆகவே பேட்டரி தனியாக இரண்டு நாள் தாங்க வேண்டும்: 2.2 யூனிட். 12 வோல்ட் 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட் இருக்கும் என்று கடையில் சொல்வார்கள். அதில் 80 சதவீதத்தை மட்டும் இறக்கி, இன்வர்ட்டர் இழப்பையும் கழித்தால் கையில் வருவது 1.2 யூனிட். எனவே இரண்டு தேவை. தினமும் இவ்வளவு இறக்கினால் டியூபுலரின் ஆயுள் குறையும். வருடத்தில் ஓரிரு முறை என்றால் பாதகமில்லை. தண்ணீர் மோட்டாரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1 ஹெச்.பி. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் கரன்ட்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். சின்ன இன்வர்ட்டர் ட்ரிப் ஆகும். புயல் எச்சரிக்கை வந்ததும் தொட்டியை நிரப்பி வைப்பது செலவில்லாத வழி.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர் அதை வீட்டு பிளக் பாயின்ட்டில் செருகி ஓட்டவே கூடாது. ஈ.பி. லைனைத் துண்டித்துவிட்டு வீட்டை ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வேண்டும். வராண்டாவிலும் ஓட்டாதீர்கள், புகை உயிரை எடுக்கும். பெட்ரோல் பங்கும் கரன்ட்டில்தான் ஓடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

சோலார் வேலையில் அதிகம் கோட்டை விடுவது ஸ்டாண்டில். சென்னைக்கு இந்தியத் தரவிதி சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம் வரும். 550 வாட் பேனலின் பரப்பு இரண்டரை சதுர மீட்டர், எடை சுமார் 30 கிலோதான். காற்று அடியில் புகுந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள். துணி காயப்போட இடம் வேண்டுமென்று எட்டடி உயரத்தில் ஸ்டாண்டு கேட்பவர்களுக்கு நாங்கள் தலையாட்டுவதில்லை. 10 டிகிரி சாய்வில், தாழ்வாக, மாடி விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே தள்ளி வையுங்கள். ஸ்டாண்டு கால்கள் கான்கிரீட் தளத்தில் இறங்கியிருக்க வேண்டும். செங்கல் கைப்பிடிச் சுவரில் அடித்த போல்ட் சுவரோடு பெயர்ந்து வரும். உப்புக்காற்றில் சாதாரண போல்ட் சீக்கிரம் துருப்பிடித்துப் போகும், ஸ்டெயின்லெஸ் போல்ட் கேளுங்கள். செப்டம்பர் கடைசியில் ஸ்பேனரோடு மேலே ஏறி எல்லா கிளாம்ப்பையும் ஒருமுறை முறுக்குங்கள்.

இன்வர்ட்டரும் பேட்டரியும் உங்கள் தெருவில் இதுவரை ஏறிய வெள்ளத்தின் அளவுக்கு ஓரடி மேலே இருக்கட்டும்.

காப்பீட்டையும் பேட்டரியையும் ஜூன், ஜூலையிலேயே முடித்துவிடுங்கள். புயல் சின்னம் உருவான பிறகு பாலிசி கிடைப்பது கஷ்டம், பேட்டரி விலையும் ஏறியிருக்கும். 2021 ஏப்ரல் முதல் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுப் பாலிசி புயல், வெள்ள சேதத்தை ஏற்கும். சோலாரின் மதிப்பையும் காப்பீட்டுத் தொகையில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பேனல், இன்வர்ட்டர் சீரியல் எண்களைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

புயல் நெருங்கும்போது முதலில் இன்வர்ட்டரின் ஏ.சி. சுவிட்சையும் அடுத்து பேனலிலிருந்து வரும் கரன்ட்டைத் துண்டிக்கும் டி.சி. ஐசொலேட்டரையும் அணையுங்கள். கடந்த பிறகு, எதையும் அகற்றுமுன் சேதத்தைப் போட்டோ எடுங்கள். நனைந்த இன்வர்ட்டரை, வெளியே காய்ந்துவிட்டது என்று ஆன் செய்யாதீர்கள். கண்ணாடி நொறுங்கிய பேனலை வெறுங்கையால் தூக்காதீர்கள். வெயில் பட்டால் உடைந்த பேனலிலும் கரன்ட் வரும்.