சுவரில் திட்டுத் தெரியாமல் டச்-அப்: பழைய பெயிண்டுக்கு நிறம் பொருத்துவது எப்படி?

ஆணி பிடுங்கிய இரண்டு ஓட்டைகளை மறைக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. பட்டி வைத்துத் தேய்த்தது அரை மணி நேரம்தான். மீதி நாளெல்லாம் நிறத்தோடு மல்லுக்கட்டியது. பட்டி, உப்புத்தாள் வேலையெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக நிறத்துக்கு வருகிறேன்.

1. பழைய டின்னைத் தேடுங்கள். மூடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஷேட் எண், பேஸ் (சாயம் கலப்பதற்கான அடிப்படை பெயிண்ட்), எந்தச் சாயம் எவ்வளவு என்ற கணக்கு இருக்கும். போட்டோ எடுத்து வையுங்கள். ஆனால் அது சுவர் புதிதாக இருந்தபோது இருந்த நிறம். அடித்துப் பல வருடம் ஆகியிருந்தால் அதே எண்ணில் வாங்கினாலும் நிறம் ஒத்துப்போகாது.

2. சுவரைத் துடையுங்கள். ஈரத் துணி போதும். இல்லையென்றால் அழுக்குக்கு நிறம் கலந்து வாங்கி வருவீர்கள்.

3. மாதிரி எடுங்கள். நான் சறுக்கிய இடம் இதுதான். சுவரைக் காயப்படுத்தாமல் எடுக்கலாமே என்று சுவிட்ச் போர்டு மூடியைக் கழற்றி, அதன் பின்னால் இருந்து ஒரு சில்லு பெயர்த்தேன். கடைக்காரர் நிறம் படிக்கும் மிஷினில் வைத்துக் கலந்து கொடுத்தார். சில்லோடு வைத்துப் பார்த்தால் அச்சு அசல். சுவரில் அடித்தால் பளிச்சென்று ஒரு திட்டு! மூடிக்குப் பின்னால் வெயிலும் படவில்லை, புகையும் படவில்லை. அங்கே பெயிண்ட் இன்னும் புதுசு. வெளியே இருந்தது வெளுத்துப்போன நிறம்.

ஆகவே ஓட்டைக்கு அருகிலேயே எடுங்கள். எப்படியும் அங்கே பட்டி பார்க்கத்தான் போகிறீர்கள். கட்டர் கத்தியில் புது பிளேடு போட்டு, ஓர் அங்குலச் சதுரம் கீறி, பிளேடைப் படுக்கவைத்து மெதுவாக நெம்புங்கள். உடையாத, தட்டையான சில்லு வேண்டும். சுருண்டதை மிஷின் சரியாகப் படிக்காது. மேலே செல்லோடேப் ஒட்டாமல் இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து எடுத்துப் போங்கள்.

போனில் நிறம் பார்க்கும் ஆப்களை நான் நம்புவதில்லை. அறை வெளிச்சத்துக்கு ஏற்ப கேமரா தானாகவே நிறத்தை மாற்றிவிடும்.

4. அட்டையில் அடித்துக் காயவிடுங்கள். எமல்ஷன் (தண்ணீர் சார்ந்த சுவர் பெயிண்ட்) ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் பெரும்பாலும் அடர்ந்துவிடும். ஒரு நாள் பொறுங்கள். அப்புறம் அட்டையின் வெள்ளை ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு (அது கண்ணை ஏமாற்றும்) சுவரில் வைத்துப் பாருங்கள். காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை, ராத்திரி விளக்கில் ஒரு தடவை. பகலில் ஒத்துப்போன நிறம் விளக்கில் பிரிந்து தெரிவது உண்டு.

5. பளபளப்பு. மேட் (பளபளப்பில்லாத) சுவரில் சாட்டின் (லேசாகப் பளபளக்கும் பெயிண்ட்) அடித்தால், நிறம் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது காட்டிக்கொடுக்கும். வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

6. இப்போது அடிக்கலாம். பட்டி மேல் முதலில் பிரைமர். அதைத் தவிர்த்தால் பட்டி பெயிண்டை உறிஞ்சி அந்த இடம் மங்கிப்போகும். முன்பு ரோலரில் அடித்த சுவருக்கு ரோலர்தான். பிரஷ் தடம் தனியாகத் தெரியும். நான்கு அங்குல மினி ரோலர் என் கட்சி. நடுவில் தொடங்கி, ஓரத்துக்கு வர வர ரோலரில் பெயிண்ட் வற்றியிருக்க வேண்டும். கெட்டியாக ஒன்று அடிப்பதைவிட மெல்லிசாக இரண்டு மேல்.

அப்படியும் தெரிந்தால்? அந்த ஒரு சுவரை மட்டும் மூலைக்கு மூலை முழுசாக அடித்துவிடுங்கள். மூலையில் வெளிச்சம் திரும்புவதால் பக்கத்துச் சுவரோடு சின்ன வித்தியாசம் கண்ணில் படாது. நான் கடைசியில் செய்தது அதுதான்.

பின்சேர்க்கை: வெள்ளை எனாமல் அடித்த கதவுக்கும் இதே கதைதானா என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே தலைகீழ். எண்ணெய் சார்ந்த வெள்ளை, வெளிச்சம் படாத இடத்தில்தான் மஞ்சளடிக்கும். பீரோ மறைத்திருந்த பக்கத்தில் மாதிரி எடுத்தால் மஞ்சளாக வரும். கதவிலும் பழுது இருக்கும் பக்கத்திலிருந்தே சில்லு எடுங்கள்.