புது எல்ம் போன்சாயா? முதலில் கத்தரியை உள்ளே வையுங்கள்

போன்சாய் வாங்கி வந்த முதல் வாரம் யாருக்கும் கை சும்மா இருக்காது. இந்தக் கிளை நீண்டிருக்கிறதே, வெட்டலாமா? தொட்டி பிடிக்கவில்லை, மாற்றலாமா? கொஞ்சம் உரம் போட்டால் என்ன? மூன்றுமே இப்போது வேண்டாம். நர்சரியில் இருந்த வெயிலும் காற்றும் வேறு, உங்கள் மொட்டைமாடியில் இருப்பது வேறு. அதற்குப் பழகவே மரத்தின் தெம்பு சரியாகப் போய்விடும். முதல் சில வாரங்களுக்கு உங்களுக்கு இரண்டே வேலைதான்: நன்றாகப் பார்ப்பது, ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றுவது.

படி 1: வந்திருப்பது எல்ம்தானா?

எல்ம் என்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சைனீஸ் எல்ம். தாவரவியல் பெயர் உல்மஸ் பார்விஃபோலியா. சீனா, கொரியா, ஜப்பான், தைவான் பக்கத்து மரம். இலை 2 முதல் 5 செ.மீ. நீளம், ஓரமெல்லாம் ரம்பப்பல், கிளையில் ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி வரும். ஓர் இலையைத் திருப்பி, காம்பு சேரும் இடத்தைக் கவனியுங்கள். நடுநரம்பின் ஒரு பக்கம் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், மறுபக்கம் மேலேயே நின்றுவிடும். எல்ம் இலையின் அடையாளம் அது.

இலை கரும்பச்சையாகப் பளபளத்து, மேலே பொடி வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது ஃபுகியன் டீ. குளிர் தாங்காத வேறு செடி, பராமரிப்பும் வேறு.

அடிமரத்தில் பட்டை செதில் செதிலாக உரிந்து, உள்ளே ஆரஞ்சும் பழுப்புமாகத் திட்டுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது நோயில்லை. அந்தப் பட்டைக்காகவே இந்த மரத்தைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. 'எல்ம்' என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து மிரட்டுவது டச்சு எல்ம் நோய். பட்டை வண்டுகள் பரப்பும் பூஞ்சை அது. 20ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எல்ம் மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்தது. சைனீஸ் எல்முக்கு அதை எதிர்க்கும் சக்தி நன்றாகவே உண்டு.

படி 2: தொட்டியின் அடியிலிருந்து தொடங்குங்கள்

எல்லாரும் மேலே இலையைப் பார்ப்பார்கள். நீங்கள் தொட்டியைத் தூக்கி அடியைப் பாருங்கள். வடிகால் துளை இருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா? துளையே இல்லாத அலங்காரத் தொட்டிக்குள் இன்னொரு தொட்டியாக வைத்திருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள்.

அடுத்து மேல்மண். வண்டியில் வரும்போது சிந்தாமலிருக்க, கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டி விற்பதுண்டு. விரலால் நெருடினால் கல் அசையாது. ஊற்றும் தண்ணீர் அதன் மேல் வழிந்து ஓரமாகப் போய்விடும், வேருக்கு ஒரு சொட்டும் சேராது. குறடால் ஒரு மூலையில் நெம்பி, துண்டு துண்டாகப் பெயர்த்து எடுங்கள். இதைத் தள்ளிப்போடாமல் முதல் நாளே செய்துவிடுங்கள்.

பிறகு அடிமரத்தை மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கண்டால் வேர் பிடிக்கவில்லை என்று அர்த்தம். தொட்டியோடு சேர்த்து ஒரு கயிற்றால் கட்டி நிறுத்துங்கள். கிளையை வளைக்கச் சுற்றிய பழைய கம்பி பட்டைக்குள் பதிந்திருந்தால் சுற்றிக் கழற்ற வேண்டாம், கிளை முறியும். கட்டரால் சுற்றுக்குச் சுற்று வெட்டி எடுங்கள்.

படி 3: இலை என்ன சொல்கிறது?

இடம் மாறிய எல்ம் உள்பக்கத்துப் பழைய இலைகளை மஞ்சளாக்கி உதிர்க்கும். அது வழக்கம்தான். நுனித் துளிர் பச்சையாக இருந்தால் கவலை வேண்டாம். மண் ஈரமாக இருந்தும் இலை துவண்டு தொங்கினால்தான் யோசிக்க வேண்டும், வேர் அழுக ஆரம்பித்திருக்கலாம். இலை மொத்தமும் கொட்டிவிட்டால், சிறு குச்சி ஒன்றை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

பூச்சிக்கு ஓர் எளிய சோதனை. வெள்ளைக் காகிதத்தைக் கிளைக்கு அடியில் பிடித்துக்கொண்டு கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் ஏதாவது நகர்ந்தால் சிலந்திப்பேன். தண்ணீரைப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவினாலே பாதி போய்விடும். மாவுப்பூச்சிக்கும் செதில் பூச்சிக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், துளி சோப்புக் கரைசல். முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள். மரத்துக்குள் ஊடுருவும் பூச்சிமருந்தும், கந்தகச் சுண்ணாம்புக் கரைசலும் பட்டால் சைனீஸ் எல்ம் இலையெல்லாம் கொட்டிவிடக்கூடும். உரக்கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

படி 4: தண்ணீர்

புது போன்சாய் சாவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். ஒன்று காய்ந்து, இல்லை ஊறி. 'தினம் ஒரு டம்ளர்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மே மாத வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் ஒரே கணக்கு எப்படிச் சரியாகும்?

ஐஸ்குச்சி ஒன்றை அடிமரத்துக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவே ஆழமாகச் செருகுங்கள். பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். குச்சி நிறம் மாறி ஈரமாக இருந்தால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம். லேசான ஈரம்தான் என்றால் ஊற்றுங்கள். முழுக்கக் காயும்வரை காத்திருக்கக் கூடாது.

ஊற்றும்போது பூவாளியால் மண் முழுக்க, அடித்துளையில் வழியும்வரை ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு முறை. முதல் முறை நனையாமல் விட்ட இடமெல்லாம் இரண்டாவதில் நனையும். மண் இறுகித் தண்ணீரையே ஏற்காவிட்டால், விளிம்பு வரை தண்ணீர் நிற்கும்படி தொட்டியை ஒரு டப்பில் இறக்குங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து வடியவிடுங்கள். அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். இலைக்கு ஸ்பிரே அடிப்பது நம் மனத்திருப்திக்கு, வேருக்கு அது போதாது.

படி 5: எங்கே வைப்பது?

வெளியே. ஹாலில் டிவி பக்கத்தில் வைக்க ஆசையாக இருக்கும், ஆனால் அங்கே கிளை வெளிறி நீண்டு, மெல்ல மெலிந்துபோகும். காலை வெயில் நான்கைந்து மணி நேரம் கிடைத்து, மதியத்துக்குப் பிறகு நிழல் விழும் இடம் நல்லது. சமவெளிக் கோடையில் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். சூடேறிய சிமெண்ட் தளத்தில் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல் போட்டு அதன் மேல் வையுங்கள்.

குளிர்நாட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். சைனீஸ் எல்ம் குளிர் தாங்கும், ஆனால் பனிக்காலத்தில் சூடான கடையிலிருந்து வாங்கியதை அன்றே உறைபனியில் வைத்தால் தாங்காது. வெளிச்சமான ஜன்னலோரத்தில் வைத்திருந்து, உறைபனி விலகியதும் வெளியே பழக்குங்கள்.

படி 6: புதுத்துளிர் வந்த பிறகு

துளிர் வந்து இலை விரிந்தால் மரம் பழகிவிட்டது. இனி அரை அளவுக்கு நீர்த்த திரவ உரம் தரலாம். கத்தரியையும் எடுக்கலாம். துளிர் ஐந்தாறு இலை விட்டதும் இரண்டு இலையை விட்டு மேலே வெட்டுங்கள். கடைசியாக நிற்கும் இலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கமே அடுத்த துளிர் கிளம்பும். சீனாவின் குவாங்டாங் பகுதியில் வளர்ந்த லிங்னான் பாணியே இப்படி வளரவிட்டு வெட்டுவதில் நிற்பதுதான். எல்ம் அவர்களுக்குப் பிடித்த மரங்களில் ஒன்று. கிளை தடிக்க வேண்டுமா, அதை மட்டும் வெட்டாமல் நீளவிடுங்கள்.

தொட்டி மாற்றுவதற்குத் துளிர்க்கும் பருவத்துக்குச் சற்று முன் நல்ல சமயம். தமிழ்நாட்டில் மழையும் குளிரும் ஓய்ந்த தை, மாசி. வேர் அழுகல் என்று சந்தேகம் வந்தால் மட்டும் காத்திருக்காமல், வேர்க்கட்டியைக் கலைக்காமல் பெரிய தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். மண் கலவைக்கு அகடாமா என்ற ஜப்பானியக் களிமண் குறுணை விலை கட்டாது. 3 முதல் 6 மி.மீ. அளவில் சலித்த செங்கல் ஜல்லியில் பெர்லைட் என்ற லேசான வெள்ளைத் துகளும் கொஞ்சம் மக்கிய தொழுவுரமும் சேர்த்தால் போதும். ஜல்லியைத் தூசி போகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் அதுவே அடியில் சேறாகிவிடும்.

பருவத்தில் தொட்டி மாற்றும்போது வெட்டிய பென்சில் தடிமன் வேர்களை எறிய வேண்டாம். மரத்தின் பக்கம் இருந்த முனை மேலே இருக்கும்படி, ஒரு செ.மீ. மட்டும் வெளியே தெரிய, ஈர மணலில் நட்டு நிழலில் வையுங்கள். எல்ம் வேர்த்துண்டு எளிதில் துளிர்க்கும். எந்த முனை மேலே என்று பிறகு குழம்பாமலிருக்க, வெட்டும்போதே மேல்முனையை நேராகவும் கீழ்முனையைச் சரிவாகவும் வெட்டிக்கொள்ளுங்கள்.