கேள்வியின் கடைசிச் சொல்லில் கண்ணை வையுங்கள்

பத்தாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள்களைத் திருத்தும்போது என் மனசு கேட்காத இடம் ஒன்று உண்டு. பாடம் நன்றாகத் தெரிந்த பிள்ளை பக்கம் பக்கமாக எழுதியிருக்கும், ஆனால் கேட்டது ஒன்று, எழுதியது இன்னொன்று. விடைக்குறிப்பில் இல்லாததற்கு மதிப்பெண் போட வழியில்லை.

‘தமனி’ என்று கண்ணில் பட்டதுமே பேனா ஓடத் தொடங்கிவிடுகிறது. நம் வினாத்தாளில் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை கேள்வியின் கடைசியில்தான் நிற்கும். ஆகவே முதலில் கடைசிச் சொல்லைப் பாருங்கள். பிறகு முழுக் கேள்வியையும் படியுங்கள்.

‘தமனிகளையும் சிரைகளையும் வேறுபடுத்துக’ என்ற கேள்வியையே எடுத்துக்கொள்வோம். பலர் தமனியைப் பற்றி ஒரு பத்தி, சிரையைப் பற்றி ஒரு பத்தி எழுதுகிறார்கள். முதல் பத்தியில் சுவர் தடித்தது என்று இருக்கும், இரண்டாவதில் சுவரைப் பற்றிப் பேச்சே இருக்காது. அது வேறுபாடு ஆகாது. நடுவில் கோடு போட்டு, ஒரே விஷயத்தை எதிரெதிரே எழுதுங்கள். தமனி இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும், சிரை இதயத்துக்குக் கொண்டுவரும். தமனியின் சுவர் தடித்தது, சிரையின் சுவர் மெல்லியது. தமனியின் உள்ளே வால்வு இல்லை, சிரையில் உண்டு. ‘ஒப்பிடுக’ என்று வந்தால் மட்டும் ஒற்றுமைகளையும் சேர்த்து எழுத வேண்டும்.

கடைசிச் சொல்லோடு கட்டளை முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். ‘இதயத்தின் உள்ளமைப்பைப் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, விளக்குக’ என்றால் அதில் மூன்று வேலை இருக்கிறது. வரைந்து, குறித்து, கூறி, எழுதி என்று வரும் ஒவ்வொரு வினையெச்சமும் ஒரு கட்டளை, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் பிரித்து வைத்திருப்பார்கள். அழகாகப் படம் வரைந்துவிட்டுப் பாகம் குறிக்காமல் விட்ட தாள்களைப் பார்க்கும்போதுதான் வருத்தம் அதிகம்.

ஒரு கூற்றையும் ஒரு காரணத்தையும் கொடுத்து, காரணம் கூற்றை விளக்குகிறதா என்று கேட்கும் கூற்று–காரணம் கேள்விக்குப் பிள்ளைகள் வீணாகப் பயப்படுகிறார்கள். முதலில் இரண்டு வாக்கியங்களும் தனித்தனியே சரியா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் நடுவில் ‘ஏனெனில்’ போட்டுப் படியுங்கள். ‘சிரைகளில் வால்வுகள் உள்ளன, ஏனெனில் அவை இரத்தம் பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கின்றன’: பொருந்துகிறது, காரணம் கூற்றை விளக்குகிறது. ‘சிரைகளில் வால்வுகள் உள்ளன, ஏனெனில் சிரைகள் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவருகின்றன’ என்று இருந்தால்? இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் எதற்காக வால்வு என்ற கேள்விக்கு இரண்டாவது வாக்கியம் தானாகப் பதில் சொல்லவில்லை. அந்த நிதானத்தைத்தான் இந்த வினா சோதிக்கிறது.

‘காரணம் கூறுக’ என்பதற்கும் அதே ‘ஏனெனில்’ உதவும். வானம் ஏன் நீலமாகத் தெரிகிறது என்றால் ஒளியைப் பற்றித் தெரிந்த அத்தனையையும் கொட்ட வேண்டாம். அலைநீளம் குறைந்த நீல ஒளி, வளிமண்டலத்தில் சிவப்பைவிட அதிகமாகச் சிதறுகிறது. இதுதான் காரணம், இதை எழுதினால் போதும்.

‘வரையறு’, ‘விதியைக் கூறு’ என்றால் நிபந்தனையை விடாதீர்கள். ஓம் விதியில் ‘மாறா வெப்பநிலையில்’ என்பது விடுபட்டால் விதி முழுமையாகாது. ‘கணக்கிடுக’ என்றால் சூத்திரம், பிரதியிடல், விடை, கூடவே அலகு. ‘தவறெனில் திருத்துக’ என்பதற்கு வாக்கியத்தின் கடைசியில் ‘இல்லை’ சேர்ப்பது திருத்தம் ஆகாது, சரியான சொல்லைப் போட்டு முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். ‘ஏதேனும் இரண்டு’ என்றால் இரண்டு போதும், ஐந்து எழுதினாலும் இரண்டுக்குத்தான் மதிப்பெண்.

‘விளக்குக’ என்ற சொல் மட்டும் இடத்துக்கு இடம் அளவு மாறும். 2 மதிப்பெண் பகுதியில் இரண்டு மூன்று வரி, 7 மதிப்பெண்ணில் உபதலைப்பும் படமுமாக ஒரு பக்கத்துக்கு மேல். எவ்வளவு எழுதுவது என்பதை மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அறிவியல் தாளில் 22, 32 ஆகிய வினாக்கள் கட்டாயம் என்று பகுதியின் தலைப்பிலேயே போட்டிருப்பார்கள், அந்த வரியையும் தாண்டிப் போகாதீர்கள்.

பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்கவென்றே 10 நிமிடம் தருகிறார்கள். வினாத்தாளில் எதையும் கிறுக்காமல், ஒவ்வொரு கேள்வியின் கட்டளைச் சொல்லிலும் விரலை வைத்துப் படியுங்கள். வீட்டில் பழகும்போது தாராளமாக அடிக்கோடு போடலாம். பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, விடை எழுதாமல், கேள்விக்கு நேரே ‘அட்டவணை’, ‘படம் + 4 குறிப்பு’, ‘சூத்திரம், அலகு’ என்று மட்டும் குறித்துக்கொண்டே போங்கள். பாடம் தெரியாத பெற்றோரும் பக்கத்தில் உட்கார்ந்து, “இதில எத்தனை வேலை கேட்டிருக்காங்க, சொல்லு கண்ணு” என்று கேட்கலாம்.